மைசூர்த் துப்பாக்கிகளின் மேற்பரப்பு வேலைப்பாடு: பெங்களூர், சீரங்கப்பட்டணப் பட்டறைகளை முன்வைத்து

அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார் பாடியது புறநானூற்றின் 95ஆம் பாடல். தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, காம்பு திருத்தப்பட்டு, நெய் பூசப்பட்டுக் கிடக்கும் வேல்களையும், பகைவரைக் குத்திக் கூர்மழுங்கிக் கொல்லனின் சிற்றில்லில் கிடக்கும் அதியமானின் வேல்களையும் அப்பாடல் எதிரெதிர் நிறுத்துகிறது. உரையாசிரியர்களும் திறனாய்வாளர்களும் இதனைப் புகழ்வது போன்ற பழிப்பாக விளக்கிவந்துள்ளனர். அவ்விளக்கம் பொருத்தமானதே. ஆயினும் அப்பாடல் தரும் தொழில்நுட்பச் செய்தி பெரிதும் கவனிக்கப்படவில்லை. நெய் பூசுதல் அழகுக்காக மட்டும் செய்யப்படுவதன்று. இரும்பைத் துருவினின்று காப்பதும் அதுவே. பீலி அணி; நெய் அணியும் காப்புமாகும். படைக்கலத்தின் மேற்பரப்பைப் பேணுதல் தனித்தொழிலாக மதிக்கப்பட்டது என்பதற்குத் தமிழில் கிடைக்கும் பழஞ்சான்றுகளுள் ஒன்றாக இப்பாடலைக் கொள்ளலாம்.

வேலும் வாளும் ஆண்ட இடத்தைத் துப்பாக்கி கைப்பற்றிய பின்னர் இத்தொழில் என்னவாயிற்று என்னும் வினாவுக்குத் தென்னிந்தியாவில் தெளிவான விடை கிடைக்கும் களம் மைசூர் அரசாகும். ஐதர் அலி, திப்பு சுல்தான் காலத்துப் படைக்கலங்கள் குறித்து எழுதியோர் ஏவுகணைகளைப் பற்றியும் பீரங்கிகளைப் பற்றியும் விரிவாக எழுதினர். துப்பாக்கியின் குழல்மீது செய்யப்பட்ட வேலையை 'அலங்காரம்' என்ற ஒரே சொல்லால் கடந்து சென்றனர். அவ்வேலைப்பாட்டை ஆவணமாகக் கொண்டு படிக்க இக்கட்டுரை முற்படுகிறது.

சொல் தரும் சான்று

துப்பாக்கி என்னும் சொல் துருக்கியத் 'துஃபெக்' என்பதன் வழிவந்தது. கன்னடத்தில் துபாக்கி என்றும், தெலுங்கில் துபாகி என்றும், மலையாளத்திலும் குடகு மொழியிலும் தோக்கு என்றும் இச்சொல் வழங்குகிறது. தீக்கல்லைக் குறிக்கும் சக்கிமுக்கி என்பதும் துருக்கியம், பாரசீகம் வழியாக வந்ததே. பீரங்கி என்பது பறங்கியரோடு தொடர்புடையது. கருவிப் பெயர்கள் இவ்வாறு அயலிலிருந்து வந்திருக்க, அக்கருவியின் உள்ளே செல்வதற்குத் தமிழர் 'மருந்து' என்றே பெயரிட்டனர். அதன் முதன்மையான உறுப்பை வெடியுப்பு என்றனர். கருவியைச் செய்வதற்கும் பேணுவதற்குமான சொற்களும் பெரும்பாலும் உள்ளூர்ச் சொற்களே. உலை, துருத்தி, குழல், சாணை, அரம், மெருகு, துவைச்சல் ஆகியன துப்பாக்கிக்கு முன்னரே கொல்லனின் பட்டறையில் இருந்தவை. படைக்கலங்களைச் சாணைபிடித்து மெருகிடும் தொழிலைக் குறிக்கும் சிக்கிலி என்னும் சொல் மட்டும் அரபு மூலத்தது. சிக்லிகர் என்னும் சமூகப் பெயரும் அதன் வழிவந்ததே. கருவி அயலது, கைத்தொழில் உள்ளூரது என்னும் நிலையை இச்சொற்பட்டியலே காட்டிவிடுகிறது எனலாம்.

கட்டபொம்மு கதைப்பாடல், கான்சாகிபு சண்டை முதலிய கதைப்பாடல்களில் துப்பாக்கியும் பீரங்கியும் இயல்பாகப் பயின்றுவருகின்றன. அங்கு ஓசையும் புகையும் சாவும் முதன்மை பெறுகின்றன. செய்தவனின் கை அங்குப் பேசப்படவில்லை. அக்கையைத் தேட வேண்டிய இடம் இரும்பே.

பெங்களூரும் பட்டணமும்

பெங்களூரின் மண்கோட்டை ஐதர் அலி காலத்தில் கற்கோட்டையாக மாற்றியமைக்கப்பட்டது. கோட்டைக்கு வடக்கே பேட்டை விரிந்திருந்தது. அப்பேட்டைப் பகுதியில் இன்றும் வழங்கும் தாராமண்டலப்பேட்டை என்னும் தெருப்பெயர், ஏவுகணை முதலியவற்றைச் செய்த தொழிலாளர் குடியிருப்போடு தொடர்புடையது. பெங்களூர் தேசிய விண்வெளி ஆய்வகத்தைச் சார்ந்த ரொத்தம் நரசிம்மா 1985இல் வெளியிட்ட ஆய்வு இப்பெயரைப் பரவலாக அறியச் செய்தது. விண்மீன் கூட்டம் என்னும் பொருளுடைய இப்பெயரைத் தாங்கிய பேட்டைகள் சீரங்கப்பட்டணம், சித்திரதுர்க்கம், நகர் ஆகிய ஊர்களிலும் இருந்தன. 2018இல் சிவமொக்கா மாவட்டத்து நகரில் பாழ்கிணறு ஒன்றிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏவுகணை இரும்புக் குழல்கள் எடுக்கப்பட்டமை, இத்தொழில் எத்தனை பெரிய அளவில் நிகழ்ந்தது என்பதற்குக் கண்கூடான சான்று.

1791 மார்ச்சு மாதத்தில் காரன்வாலிசின் படை முதலில் பேட்டையையும் பின்னர்க் கோட்டையையும் கைப்பற்றியது. அடுத்த ஆண்டு நிகழ்ந்த சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாரமகாலும் திண்டுக்கல்லும் மலபாரும் திப்புவின் கையைவிட்டுப் போயின. இதனை நிலவரி இழப்பாகவே வரலாற்று நூல்கள் கணக்கிடுகின்றன. ஆனால் சேலம் - பாரமகால் பகுதி இரும்புக்குப் பெயர்பெற்ற நிலம். 1830 அளவில் ஜோசையா மார்ஷல் ஹீத் ஐரோப்பிய முறை இரும்பாலையைப் பறங்கிப்பேட்டையில் தொடங்கியபோது சேலத்துக் கனிமத்தையே நம்பினார் என்பது அந்நிலத்தின் வளத்தை உணர்த்தும். படைக்கலம் செய்யும் அரசு ஒன்று கனிம நிலத்தை இழப்பது, வரியை இழப்பதினும் பெரிய இழப்பாகும்.

1799 மே 4ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்த பின்னர்க் கும்பினியார் எடுத்த கணக்கை அலெக்சாண்டர் பீட்சன் 1800இல் அச்சிட்டார். 929 பீரங்கிகள் என்னும் எண்ணே அதிலிருந்து அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. அதே கணக்கில், கோட்டைக்குள் கைத்துப்பாக்கி வகைகளைச் செய்யவும் செய்நேர்த்தி முடிக்கவும் 11 கூடங்கள் இருந்தமையும், பீரங்கி வார்க்கும் ஆலைகள் இரண்டு இருந்தமையும் பதிவாகியுள்ளன. செய்தலும் முடித்தலும் இங்கு இரண்டு வினைகளாகச் சுட்டப்படுகின்றன என்பது ஈண்டு நோக்கத்தக்கது. போர் முடிந்த மறுகணமே எண்ணிக்கை எடுக்க வந்த பகைநாட்டு அதிகாரியின் கண்ணுக்கும் முடித்தல் வேலை தனித்துத் தெரிந்திருக்கிறது.

மூன்று கைகள்

துப்பாக்கி ஒருவன் செய்யும் பொருளன்று. குழலை அடிப்பவன் கொல்லன். கட்டையைச் செதுக்குபவன் தச்சன். பொன்னும் வெள்ளியும் இழைப்பவன் தட்டான். தமிழ் மரபு கூறும் ஐவகைக் கம்மியருள் மூவகையினரின் தொழில் இதில் ஒன்றுகூடுகிறது. மைசூர்ப் பட்டறைகளில் பணியாற்றியோர் எச்சமூகத்தினர் என்பது வேறு வினா. துப்பாக்கிகளில் காணப்படும் சையித் மசூம், அசத் அமீன் போன்ற பெயர்கள் முசுலிம் வினைஞர்களின் பெயர்கள். ஒரு பெயர் பொறிக்கப்பட்ட பொருளில் பல கைகள் உழைத்திருக்கும் என்பதைத் தொழிலின் இயல்பே சொல்லிவிடும். கோயில் கல்வெட்டில் தச்சாசாரியன் ஒருவன் பெயர் வருவதால் கல் முழுவதையும் அவனே செதுக்கினான் என்று எவரும் கொள்வதில்லை.

குழல் செய்யும் முறை குறித்துச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும், ஏனெனில் மேற்பரப்பின் தோற்றம் அதனையே பற்றி நிற்கிறது. சிறந்த இந்தியக் குழல்கள் பல, இரும்புப் பட்டைகளை உருளையின்மீது சுற்றிச் சூட்டில் அடித்து இணைத்தவை. அரைத்து வழவழப்பாக்கியபின் அவை வெறும் சாம்பல்நிற இரும்பாகவே தெரியும். புளிப்பான உப்புக் கரைசலைப் பூசியபின்னரே பட்டைகளின் ஓட்டம் நீர்வரிபோல் மேலெழும். மூசையில் உருக்கிய எஃகால் செய்த வாளிலும் இவ்வாறே வரி தோன்றும். இதற்குப் பயன்பட்டது காசீசம். தமிழ்ச் சித்த மருத்துவ நூல்களில் இது அன்னபேதி. ஐரோப்பியத் துப்பாக்கியாளர் குழலுக்குப் பழுப்பு நிறமேற்றப் பயன்படுத்திய கரைசல்களிலும் இரும்பு உப்பும் மயில்துத்தமும் வெடியுப்பிலிருந்து வடித்த திராவகமும் இடம்பெற்றன. நாட்டு மருந்துக்கடையின் அஞ்சறைப்பெட்டியில் இருந்தவையே துப்பாக்கிப் பட்டறையிலும் இருந்தன. உலோகத்தைக் கொல்லுதல், புடமிடுதல், சுத்தி செய்தல் ஆகிய சொற்கள் மருத்துவனுக்கும் கம்மியனுக்கும் பொதுவாயிருப்பது தற்செயலன்று.

நிறமேற்றலின் உட்பொருளையும் சொல்லிவிடலாம். பழுப்பு நிறம் என்பது கட்டுப்படுத்தப்பட்ட துரு. துருவை வரவழைத்து, தேய்த்து, மீண்டும் வரவழைத்து, உரிய அளவில் நிறுத்தி எண்ணெய் ஊட்டினால் அத்துருவே மேற்கொண்டு துருவேறாமல் தடுக்கும். நீலம் வேறுவகை. மெருகிட்ட எஃகைச் சூடாக்கினால் ஏறத்தாழ 220 பாகை செல்சியசில் வைக்கோல் நிறமும், 300 பாகையை நெருங்கும்போது நீலமும் தோன்றும். வெப்பமானி இல்லாத காலத்தில் கண்ணே அளவுகோல். நிறம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவது சில நொடிகளில் நிகழ்ந்துவிடும். இதனை ஏட்டில் எழுதிக் கற்பிக்க இயலாது. அருகில் நின்று பார்த்தே பழகவேண்டும். வீடும் பட்டறையும் ஒரே கூரையின்கீழ் இருந்த தொழிற்குடும்பங்களில் இக்கல்வி தனியே தொடங்குவதும் இல்லை, முடிவதும் இல்லை. தமிழில் சிற்ப நூல்களும் மருத்துவச் சுவடிகளும் உள்ளனபோல் துப்பாக்கி முடிப்புக்குச் சுவடி தேடுவது வீண் என்றே தோன்றுகிறது. அதன் சுவடி குழல்தான்.

நீலமேறிய எஃகின்மீது பொன் இழைக்கும் முறைக்குக் கோப்த்காரி என்று பெயர். 'அடித்த வேலை' என்பது இப்பாரசீகச் சொல்லின் பொருள். மேற்பரப்பை நுண்ணிய உளியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிச் சொரசொரப்பாக்கி, பொற்கம்பியையோ தகட்டையோ அதன்மீது வைத்து அடித்துப் பதித்து, சூடுகாட்டி, அகேட்டுக் கல்லால் மெருகிடுவர். கோடுகளின் பிடிப்பிலேயே பொன் நிற்கும், பற்றாசு தேவையில்லை. மைசூர்த் துப்பாக்கிகளில் புலிவரி பெரும்பாலும் இம்முறையில்தான் இழைக்கப்பட்டுள்ளது.

வரியும் எழுத்தும்

புலிவரியைப் 'பப்ரி' என்பர். பாரசீகத்தில் பப்ர் என்பது புலி. வளைந்து ஓரத்தில் கூர்ந்து முடியும் இவ்வரி திப்புவின் அரியணை, கொடி, படையுடை, காசுப் பின்னணி எனப் பல இடங்களில் வருவதால், துப்பாக்கியில் அதனைக் காண்போர் அரசனின் விருப்பச் சின்னம் என்று கூறி நிறுத்திவிடுகின்றனர். பணியை முடித்து அரசக் கொட்டிலுக்கு ஏற்றபின் இடப்படும் முத்திரையைப்போல் அது செயற்பட்டது என்று கொள்வதே பொருத்தமாகும். ஏனெனில் வரி தனித்து வருவதில்லை. அதனோடு குழலில் வினைஞன் பெயர், பட்டண் என்னும் இடப்பெயர், ஆண்டு ஆகியனவும் வருகின்றன. மன்னன் மெய்க்கீர்த்தி, ஊர், ஆட்சியாண்டு, எழுதியவன் பெயர் என அமையும் செப்பேட்டு வாய்பாட்டுக்கு இது தொலைவிலில்லை. செப்பேட்டைப் படிக்கும் முறையிலேயே இக்குழல்களையும் படித்தல் வேண்டும்.

அவ்வாறு படிப்பதில் ஓர் இடர் உண்டு. திப்பு 1787 அளவில் மௌலூதி என்னும் புதிய ஆண்டுமுறையைக் கொணர்ந்தான். இசிரி ஆண்டு 1201 முடிந்த பின்னர் மௌலூதி 1215 காசுகளில் தோன்றுகிறது. காசுகளில் அதன் எண்கள் வலமிருந்து இடமாக எழுதப்பட்டன. துப்பாக்கி ஒன்றில் 1222 என்றிருந்தால் அது கி.பி. 1793-94ஐக் குறிக்கும். அதனை இசிரி ஆண்டாகக் கொண்டால் 1807 ஆகிவிடும். அதாவது திப்பு மாண்டு எட்டாண்டுகள் கழித்து அவன் பட்டறையில் துப்பாக்கி செய்யப்பட்டதாக முடியும்! இவ்வாண்டுமுறையின் அடியில் இருப்பது பிரபவ முதல் அட்சய ஈறாகத் தமிழர் வழங்கும் அறுபதாண்டுச் சுழற்சியே, பெயர்கள்தாம் மாற்றப்பட்டன. மேற்பரப்பைத் தேய்த்து ஓர் எண் அழிந்தாலும் இத்தகைய கணக்கு முழுவதும் சரிந்துவிடும் என்பதை நினைவிற்கொள்ளுதல் வேண்டும்.

இத்துப்பாக்கிகளின் சிறப்பைப் பிரெஞ்சுக் கைவினைஞருக்கு உரியதாக்கும் போக்கு நெடுநாளாக உண்டு. திப்புவின் தூதர்கள் 1788 ஆகத்து மாதத்தில் வெர்சாயில் பதினாறாம் லூயியைக் கண்டனர்; திரும்பும்போது கைவினைஞர்களை அழைத்துவந்தனர். இது மெய். தீக்கல் விசைப்பொறி ஐரோப்பிய அமைப்பைத் தழுவியது என்பதும் மெய். எனினும் விசைப்பொறியின் வரலாறு மேற்பரப்பின் வரலாறாகிவிடாது. கீறிப் பதிக்கும் பொன்வேலை இந்தியாவிலும் ஈரானிலும் வேரூன்றியது. பாதரசம் சேர்த்துச் சூட்டில் பொன்முலாம் ஏற்றுவதே ஐரோப்பியருக்கு மிகவும் பழக்கமான முறை. ஒரே துப்பாக்கியில் பொறி ஒரு மரபையும் பூச்சு மற்றொரு மரபையும் சார்ந்திருப்பதில் முரண் எதுவுமில்லை. இராபின் விகிங்டன் 1992இல் வெளியிட்ட திப்புவின் துப்பாக்கிகள் பற்றிய அட்டவணை நூல் இத்தகைய ஒப்பீட்டுக்கு இன்றும் அடிப்படையாக அமைகிறது. அந்நூல் தமிழாய்வில் போதிய அளவு பயன்கொள்ளப்படாதது குறையே.

எஃகைப் பொறுத்தும் இதே நிலை. ஆங்கிலத்தில் 'ஊட்சு' என வழங்கும் சொல் கன்னட உக்கு, தமிழ் உருக்கு ஆகியவற்றோடு இணைத்துப் பேசப்படுகிறது. இலண்டன் அரசக் கழகத்தில் ஜார்ஜ் பியர்சன் 1795இல் இதனைப் பற்றிக் கட்டுரை படித்தார். திப்பு உயிரோடிருந்த காலத்திலேயே, அவன் பட்டறையைச் சூழ்ந்த நாட்டின் எஃகை இலண்டன் அறிஞர்கள் ஆராய்ந்துகொண்டிருந்தனர். பெங்களூர் தேசிய உயர் ஆய்வு நிறுவனத்தின் சாரதா சீனிவாசன் தமிழகத்து மேல்சிறுவலூரில் மூசை எஃகுக் களத்தை அடையாளங்கண்டு எழுதியுள்ளார். 1800இல் பெங்களூர் வழியே பயணம் செய்த பிரான்சிசு புக்கானன் மாகடிப் பகுதியின் இரும்புலைகளைப் பதிவுசெய்தார். போர் முடிந்து ஓராண்டிலும் உலைகள் எரிந்துகொண்டிருந்தன. ஆனால் அரசப் பட்டறை என்னும் கொள்வோன் மறைந்துவிட்டான்.

ஒடுங்கிய தொழில்

ஔவையாரின் எள்ளலை இங்கு மீண்டும் எண்ணிப்பார்க்கலாம். பொன்னிழைத்த துப்பாக்கி போருக்குச் செல்லாத துப்பாக்கியா? வேட்டைக்கும் கொடைக்கும் உரியவை அவற்றுள் பல என்பதில் ஐயமில்லை. படைவீரன் தாங்கியது எளிய முடிப்புடையது. ஆயினும் மழையிலும் வியர்வையிலும் அவனுடைய குழலைக் காத்ததும் அதே மெருகுத் தொழிலே. பொன் இழைக்கும் கையும் எண்ணெய் ஊட்டும் கையும் ஒரே கூடத்தில் இருந்தன. அணிந்தவை, மழுங்கியவை என்னும் பழம்பாகுபாடு இங்கு முழுமையாகப் பொருந்தவில்லை.

1799க்குப் பின் பொன்வேலைத் துப்பாக்கிகள் கொள்ளைப் பங்காகக் கப்பலேறின. சென்னை ஆளுநராயிருந்த எட்வர்டு கிளைவின் குடும்பத்தார் வழியாக வேல்சு நாட்டுப் போவிசு மாளிகைக்குச் சென்ற திப்புவின் உடைமைகள் இன்றும் அங்குக் காட்சிக்கு உள்ளன. உள்நாட்டில் தொழிலை ஒடுக்கியது சட்டம். 1878ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் உரிமம் இன்றி ஆயுதம் வைத்திருத்தலைத் தடுத்தது. விடுதலைக்குப் பின் வந்த 1959ஆம் ஆண்டுச் சட்டம் செய்தல், விற்றலோடு பழுதுபார்த்தலையும் உரிமத்துக்கு உட்படுத்தியது. வட இந்தியாவில் சியால்கோட்டுக் கோப்த்காரிக் கைவினைஞர், படைக்கலத் தேவை குறைந்தபோது பேழையும் தட்டும் செய்து கண்காட்சிகளுக்கு அனுப்பிப் பிழைத்தனர். உதயப்பூரில் சிக்லிகர் குடும்பங்கள் இன்றும் வாள், குத்துவாள் வேலையைத் தொடர்கின்றன. அமெரிக்காவில் பொழுதுபோக்காகத் துப்பாக்கி வைத்திருப்போர் தம் வீட்டிலேயே பீங்கான் கலந்த பூச்சைத் தெளித்து, அடுப்பில் சுட்டு, விரும்பிய நிறம் ஏற்றப் பழகிவருகின்றனர். பெங்களூரில் இருநூறாண்டுக்கு முன்னர்க் குடும்பத் தொழிலாயிருந்தது, இன்று அங்கே உரிமம் பெற்றோர்க்கு மட்டுமே உரியது. கடல்கடந்த நாட்டில் அதுவே விடுமுறைப் பொழுதுபோக்கு. சட்டத்தின் தேவையை மறுக்க இயலாது. அதனோடு ஒரு கைத்திறனும் சென்றுவிட்டது என்பதையும் பதிந்துவைத்தல் வேண்டும்.

கர்நாடகத்தில் குடகு மட்டும் விலக்கு. 1861 முதல் குடகர்க்கு வழங்கப்பட்ட உரிம விலக்கை நடுவணரசு 2019இல் பத்தாண்டுகளுக்கு நீட்டித்தது. கர்நாடக உயர்நீதிமன்றம் 2021இல் அதனை ஏற்றது. செப்டம்பரில் வரும் கயில்போல்து விழாவில் வீட்டுத் துப்பாக்கியைத் துடைத்து, எண்ணெயிட்டு, பூச்சூட்டி வழிபடுகின்றனர். சூட்டும் மலர் தோக்குப்பூ. தமிழில் அது செங்காந்தள். பீலி அணிந்து நெய் பூசிய வேலைப் பாடிய ஔவையாருக்கு இக்காட்சி அயலாகத் தோன்றியிராது.

அருங்காட்சியகங்களிலும் அரண்மனைகளிலும் தனியார் வீடுகளிலும் எஞ்சியுள்ள பழந்துப்பாக்கிகளைப் பொறுத்தவரை, விழாநாளுக்கு முன் அவற்றைப் பளபளக்கத் தேய்த்துவைக்கும் வழக்கமே இன்று பெரும்பகை. சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் தொடங்கப்பட்டது, அங்கு எஸ். பரமசிவன் படிமங்களின் உலோகப் புறத்தோலை அறிவியல் பொருளாக ஆராய்ந்தார். அக்கவனம் துப்பாக்கிக் குழலுக்கும் வேண்டும். நூறாண்டு கடந்தவை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் வரம்புக்குள் வருவன. தேய்தாளால் ஒருமுறை தேய்த்தாலே பழுப்பு நீங்கிவிடும். மும்முறை தேய்த்தால் பொன்னைப் பற்றியிருக்கும் கீறல்கள் மழுங்கும். அதன்பின் வினைஞன் பெயரும் ஆண்டும் போகும். எனவே ஒவ்வொரு குழலையும் தூய்மை செய்வதற்கு முன்பே சாய்வொளியில் படமெடுத்து, எழுத்தையும் எண்ணையும் கீறலின் போக்கையும் பதிவு செய்தல் முதற்பணி. அப்பணியில் அரபு எழுத்து அறிந்தோர், உலோகவியலார், கம்மியர் வழக்குச்சொல் அறிந்த தமிழாய்வாளர் ஆகிய மூவரும் ஒரே மேசையில் அமர வேண்டியிருக்கும்.